அரசவை ஓவியர் ஹோல்பைன்

ஆங்கில நாட்டு வரலாற்றைப் பயிலும் மாணவர் எவர்க்கும் எட்டாம் ஹென்றி என்ற பெயரைக் கேட்டவுடன் ஓர் உருவம் மனக்கண்முன் வந்து நிற்கும். அகன்ற தோள்களும், பரப்பி ஊன்றிய கால்களும், மணிகள் பதித்த உடையும், சிறிய கண்களும், இறுகிய வாயுமுடைய அவ்வுருவத்தை நாம் நூல்களிற் பலகாற் கண்டிருக்கின்றோம். அவ்வரசன் 1547-ஆம் ஆண்டில் இறந்தான். அவனுக்கு முன்னிருந்த ஆங்கில மன்னர் பலருடைய முகம் நமக்கு நினைவில்லை. அவன் முகமோ நேற்றுக் கண்டாற்போல நிற்கின்றது. இதற்குக் காரணர் ஒருவரே. அவர் ஆங்கிலேயரும் அல்லர்; அரச குலத்தவரும் அல்லர்; வேற்று நாட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்த ஓர் ஓவியர். ஹான்ஸ் ஹோல்பைன் என்பது அவர் பெயர். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹோல்பைன் ஜெர்மனி தேயத்து ஆக்ஸ்பர்க் நகரில் 1497 அல்லது 1498-ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் பெயரும் ஹான்ஸ் ஹோல்பைனே. அவரும் புகழ்பெற்ற ஓவியராதலின், தந்தையை மூத்த ஹோல்பைன் என்றும் மைந்தரை இளைய ஹோல்பைன் என்றும் வழங்குவர். அம்புரோஸியுஸ் என்னும் தமையனாரும் அத்தொழிலினரே. 1515-ஆம் ஆண்டளவில் உடன்பிறந்தார் இருவரும் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள பாஸல் நகருக்குச் சென்றனர். பாஸல் அக்காலத்தில் அச்சுக்கூடங்களுக்கும் அறிஞர் கூட்டத்திற்கும் பேர்பெற்ற நகரம். அங்கே எராஸ்மஸ் என்னும் பேரறிஞர் மடமையைப் புகழ்வது போல இகழ்ந்து எழுதிய நூலின் பிரதி ஒன்றில், பக்க ஓரங்களிலெல்லாம் இளைஞர் இருவரும் மையினால் நகைச்சித்திரங்கள் வரைந்தனர். அப்பிரதி இன்றும் பாஸலிற் போற்றப்படுகின்றது. 1519-இல் ஹோல்பைன் அந்நகரத்து ஓவியர் சங்கத்திற் சேர்ந்தார். எல்ஸ்பெத் என்னும் கைம்பெண்ணை மணந்து, மறு ஆண்டில் நகரக் குடியுரிமையும் பெற்றார். 1523-இல் எராஸ்மஸின் உருவத்தைத் தீட்டினார். அவ்வறிஞர் தம் படங்களை அயல்நாட்டு நண்பர்க்கு அனுப்பவே, ஓவியரின் பெயரும் அவற்றோடு கடல் கடந்தது.

ஆயினும் புகழ் வேறு, பிழைப்பு வேறு. அக்காலத்தில் ஓவியர்க்கு முதன்மையான வருவாய் கோயிற்பணியே. சமயச் சீர்திருத்தம் பாஸலிற் பரவப் பரவக் கோயில்களுக்குப் படம் எழுதுவிப்பார் குறைந்தனர். மனைவி மக்களைக் காக்க வேறு வழி காணாத ஹோல்பைன், 1526-ஆம் ஆண்டில் எராஸ்மஸின் பரிந்துரையோடு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அங்கே அவரை ஆதரித்தவர் ஸர் தாமஸ் மோர். கல்வியாலும் நேர்மையாலும் சிறந்து, அரசனுடைய ஆலோசகருள் ஒருவராய் விளங்கியவர் அவர். வந்தவர் வியத்தகு கலைஞர் என்பதை மோர் கண்டுகொண்டார். இங்கிலாந்து அவர் எண்ணி வந்த அளவு விளைச்சல் தரும் நிலமாக இராதோ என ஐயுற்றார். இயன்ற உதவியைச் செய்வதாகவும் எராஸ்மஸுக்கு எழுதினார்.

அவ்வுதவி சிறிதன்று. 1527-இல் ஹோல்பைன் மோரின் உருவத்தை எழுதினார். சிவந்த பட்டுக் கைகளும், தோளின்மேல் அரச சேவையைக் குறிக்கும் பொற்சங்கிலியும் விளங்க அமர்ந்திருக்கும் அப்பெரியாரின் கன்னத்தில் மழித்து இரண்டொரு நாளான மயிர்முளைகளும் தோன்றும். பெரிய மனிதர் என்பதற்காக அதனை ஓவியர் மறைக்கவில்லை. மோரின் இல்லத்தார் யாவரையும் ஒருங்கே காட்டும் பெரும்படம் ஒன்றும் எழுதினார். அது 1752-இல் தீக்கிரையாயிற்று. அதற்கென முன்னர் வரைந்த கோட்டுச்சித்திரம் எராஸ்மஸுக்கு அனுப்பப்பட்டமையால் இன்றும் பாஸலில் இருக்கின்றது. நெடுந்தொலைவிலிருந்த அம்முதியவர் அதனைக் கண்டு, நண்பர் குடும்பத்தையே நேரிற் கண்டாற்போல மகிழ்ந்தார்.

1528-இல் ஹோல்பைன் பாஸலுக்கு மீண்டார். ஈட்டிய பொருளால் வீடு ஒன்று வாங்கினார். மனைவியையும் மக்கள் இருவரையும் ஒரு படமாக எழுதினார். அப்படத்தில் எல்ஸ்பெத்தின் கண்கள் சிவந்து தாழ்ந்துள்ளன. முகத்திற் களைப்பும் கவலையும் குடிகொண்டுள்ளன. இரண்டு ஆண்டு தனித்திருந்து குடும்பத்தைத் தாங்கிய ஒருத்தியின் முகம் எவ்வாறு இருக்குமோ அவ்வாறே இருக்கின்றது. கணவர் தாமே தமக்கு எதிராக எழுதிவைத்த சாட்சி அது எனலாம். அரசர்க்கும் செல்வர்க்கும் மட்டுமன்றித் தமக்கும் பொய் சொல்லாத கை அவருடைய கை.

1529-இல் பாஸல் நகரத்துக் கோயில்களிலிருந்த படங்களையும் சுரூபங்களையும் மக்கள் திரண்டு சிதைத்தனர். 1532-இல் ஹோல்பைன் மீண்டும் இங்கிலாந்து சென்றார். இம்முறை அவர் கண்ட நாடு வேறு. அரசன் தன் மனைவி காதரீனைத் தள்ளி ஆன் பொலீனை மணக்க முயன்றதனால் ரோமாபுரிப் போப்பரசரோடு பகை மூண்டிருந்தது. இடையே உயர்ந்த சான்ஸலர் பதவியை ஏற்றிருந்த மோர், அரசன் போக்கிற்கு இசைய மனமின்றி அவ்வாண்டு மே மாதத்தில் அதனைத் துறந்தார். பழைய ஆதரவு இல்லாத ஹோல்பைன், லண்டனில் ஸ்டீல்யார்டு என்னும் இடத்திற் குடியிருந்த ஜெர்மானிய வணிகரைச் சார்ந்தார். டான்ஸிக் நகரத்து வணிகர் கியார்க் கீஸே என்பவரைக் கடிதங்களும் முத்திரைகளும் தராசும் சூழ எழுதிய படம் அவ்வாண்டினது. அதில் மேசைமேல் உள்ள கண்ணாடிக் குவளையின் நீரும் மலர்க்காம்புகளும் கையால் தொடலாம் போலத் தோன்றும்.

1533-இல் பிரெஞ்சுத் தூதர் ஜான் தெ தன்த்வீலையும் அவர் நண்பரான அத்தியட்சர் ஜார்ஜ் தெ செல்வையும் ஓக் மரப்பலகையின்மேல் ஆளளவில் எழுதினார். முன்னவர்க்கு வயது 29, பின்னவர்க்கு 25. இருவர்க்கும் இடையே வானகோளம், பூகோளம், நிழற்கடிகாரம், கணிதநூல், யாழ் முதலியன அடுக்கப்பட்டுள்ளன. யாழின் நரம்பு ஒன்று அறுந்து கிடக்கின்றது. அவர்தம் காலடியிற் சாய்வாக நீண்ட ஒரு வடிவம் உண்டு. நேரே நின்று பார்ப்பார்க்கு அது இன்னதென விளங்காது. ஓரத்தே ஒதுங்கி நின்று நோக்கினால் மனித மண்டையோடு எனத் தெரியும். இளமை, கல்வி, பதவி ஆகிய மூன்றினும் சிறந்த இருவர் நடுவே சாவும் நிற்கின்றது. லண்டன் தேசியச் சித்திரசாலையில் உள்ள இப்படத்தைக் காண்பவர், ஒருமுறையேனும் பக்கத்திற் சென்று குனிந்து பார்த்த பின்னரே அகல்வர்.

அந்த நிழல் விரைவில் மெய்யாயிற்று. அரசனே திருச்சபைக்குத் தலைவன் என்னும் உறுதிமொழியை ஏற்க மறுத்த அத்தியட்சர் பிஷர் 1535-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலும், மோர் ஜூலை மாதத்திலும் தலை வெட்டுண்டு மாண்டனர். ராணியாகிய ஆன் பொலீனுக்கும் 1536-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே கதி நேர்ந்தது. இவற்றைக் கண்டபோது ஹோல்பைன் மனம் என்ன பாடுபட்டது என்பதை அறிவிக்கும் கடிதம் ஒன்றேனும் அவர் விட்டுச் செல்லவில்லை. மோருக்குப்பின் அரசனிடம் செல்வாக்குப் பெற்ற தாமஸ் கிராம்வெல் அவரை ஆதரித்தார். அவர் உருவத்தையும் ஹோல்பைன் எழுதியிருந்தார். 1536-க்குள் ஹோல்பைன் அரசனுடைய ஓவியராகி, ஆண்டொன்றுக்கு 30 பவுன் சம்பளம் பெற்றார். வாழவைத்தவரைக் கொன்ற அரசனிடமே ஊழியம் செய்தாரே எனச் சிலர் குறை கூறலாம். குடும்பத்தை அயலூரில் விட்டுவந்த அந்நியர் ஒருவர் அக்காலத்தில் வாய் திறந்திருப்பின் என்னாகியிருக்கும் என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

1537-இல் லண்டனிலுள்ள ஒயிட்ஹால் அரண்மனையில் அரசனது அந்தரங்க அறைச் சுவரில் ஹோல்பைன் ஒரு பெரும் சித்திரம் எழுதினார். ஏழாம் ஹென்றியும் அவன் தேவியும் பின்னே நிற்க, எட்டாம் ஹென்றியும் மூன்றாம் தேவி ஜேன் சீமோரும் முன்னே நின்றனர். முதலில் வரைந்த மாதிரியில் அரசன் முகம் சற்றே ஒருபுறம் திரும்பியிருந்தது. முடிந்த சித்திரத்திலோ, உள்ளே வருபவரை நேருக்கு நேர் நோக்கியது. கண்டவர் தாம் சிறுத்துப் போனதாக உணர்ந்து அஞ்சினர் என்று பழைய நூலொன்று கூறும். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் ஜேன் ஓர் ஆண்மகவைப் பெற்றுச் சில நாட்களில் இறந்தாள்.

அரசன் மீண்டும் பெண் தேடலானான். தான் காணாத பெண்களை ஓவியர் கண்கொண்டு காண விரும்பி ஹோல்பைனை அனுப்பினான். 1538-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் மிலான் நாட்டுக் கோமகளாகிய கிறிஸ்டீனா அவர் முன் இருந்த நேரம் மூன்று மணியே. பதினாறே ஆண்டு நிறைந்த அக்கைம்பெண்ணின் முகத்தையும் கைகளையும் அச்சிறு பொழுதில் வரைந்துகொண்டு, பின்னர் ஆளளவான படமாகத் தீட்டினார். துக்க உடையின் கருமையினிடையே முகமும் கைகளும் மட்டும் ஒளிரும் அப்படம் அரசனைப் பெரிதும் மகிழ்வித்தது. எனினும் அம்மணம் கைகூடவில்லை.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஹோல்பைன் பாஸலுக்குச் சென்றார். நகரத்தார் அவருக்கு விருந்தளித்து, உதவித் தொகையும் தருவதாகக் கூறி, ஊரிலேயே தங்குமாறு வேண்டினர். அவரோ சில நாள் தங்கி மீண்டும் லண்டனுக்கே திரும்பினார். அதன்பின் அவர் தம் குடும்பத்தோடு வாழ்ந்ததில்லை.

1539-இல் கிளீவ்ஸ் நாட்டுக் கோமகன் தமக்கையாகிய ஆனை எழுதும் பொருட்டு ஜெர்மனி சென்றார். பதஞ்செய்த தோலின்மேல் எழுதிய அப்படம் இப்போது பாரிஸ் நகரத்து லூவ்ர் சித்திரசாலையில் உள்ளது. ஆன் மணிகள் இழைத்த கனத்த உடையணிந்து, கைகோத்து, நேர்நோக்கி அசைவின்றி நிற்கின்றாள். அழகி என்று அப்படம் முழங்கவில்லை. அடக்கமுடையவள் என்று மட்டும் சொல்கின்றது. சாயல் மிக ஒத்துள்ளது என்று உடனிருந்த ஆங்கிலத் தூதர் அரசனுக்கு எழுதினார். ஆயின் 1540-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆனை நேரிற் கண்ட ஹென்றி வெறுப்படைந்தான். ஜனவரி 6-ஆம் நாள் நடந்த மணம் ஜூலை மாதத்தில் செல்லாததாக்கப்பட்டது. மணத்தை முன்னின்று முடித்த கிராம்வெல் அதே ஜூலை 28-ஆம் நாள் தலையிழந்தார். ஓவியர் பொய்யெழுதி அரசனை ஏமாற்றினார் என்று பிற்காலத்திற் கதை கட்டினர். அது மெய்யாயின், கிராம்வெல்லையே கொன்றவன் ஓவியரை விட்டிருப்பானா? ஹோல்பைன் தண்டிக்கப்படவில்லை, சம்பளமும் நிற்கவில்லை. படத்தில் இல்லாததைத் தன் ஆசையாற் கண்டவன் அரசனே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஹோல்பைன் நெடுநாள் வாழவில்லை. 1543-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் லண்டனில் மரண சாசனம் எழுதினார். தம் பொருள்களையும் குதிரையையும் விற்றுக் கடனைத் தீர்க்குமாறும், லண்டனிற் செவிலியரிடம் வளர்ந்துவந்த தம் குழந்தைகள் இருவர்க்கு மாதந்தோறும் பொருளுதவுமாறும் அதிற் கூறினார். நவம்பர் மாதம் முடியுமுன் உயிர் நீத்தார். அந்நாளில் நகரில் பரவிய கொள்ளைநோயே காரணம் என்பர் பலர். அப்போது அவருக்கு வயது 45 அல்லது 46. பாஸலிலிருந்த மனைவி இறுதிவரை அவரைக் காணவில்லை. அரசர்க்கு அழியாத முகம் தந்த அவருடைய கல்லறை எங்குள்ளது என்பதை இன்று எவரும் அறியார்.

ஒயிட்ஹால் அரண்மனை 1698-ஆம் ஆண்டில் தீப்பற்றி எரிந்தது. கண்டாரை நடுங்கவைத்த அச்சுவர்ச் சித்திரமும் சாம்பலாயிற்று. ஆனால் அரசவையினரை எதிரே இருத்திச் சிறு பொழுதில் ஹோல்பைன் வரைந்துகொண்ட காகிதங்கள் பிழைத்தன. அவற்றுள் பல இளஞ்சிவப்பு நிறம் பூசிய தாள்கள். அவற்றின்மேல் வண்ணச் சுண்ணக்கட்டியாலும் மையாலும் வரைந்த கோடுகள். சிலவற்றில் உடையின் நிறம் இன்னது, துணி இன்னது என ஜெர்மன் மொழியிற் குறித்த சிறு குறிப்புகள். அவை கைம்மாறி மீண்டும் அரசரிடமே வந்து மறக்கப்பட்டுக் கிடந்தன. 1727-இல் பட்டமெய்திய இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் தேவி காரலைன், கென்ஸிங்டன் அரண்மனைப் பெட்டகம் ஒன்றில் அவற்றைக் கண்டெடுத்தார். எண்பதுக்கு மேற்பட்ட அத்தாள்கள் இன்று விண்ட்ஸர் அரண்மனையிற் காக்கப்படுகின்றன. மாண்ட மோரின் முகம் அவற்றில் உண்டு. மாண்ட பிஷரின் முகம் உண்டு. மோருக்கு எதிராகச் சாட்சி சொன்ன ரிச்சர்ட் ரிச் என்பவனின் முகமும் உண்டு. ஒருவரை உயர்த்தியும் ஒருவரைத் தாழ்த்தியும் ஓவியர் எழுதவில்லை. யாவரையும் ஒரே கருத்தோடு நோக்கி, உள்ளதை உள்ளபடியே வைத்தார். அவ்வாறே, அரசன் கையால் ஒருவர்பின் ஒருவராக அழிந்த மோரும் கிராம்வெல்லும் நியூயார்க் நகரத்து பிரிக் சித்திரசாலையில் ஒரே கணப்படுப்பின் இருபுறத்தும் படமாக எதிரெதிரே இருக்கின்றனர்.

அரசன் ஆணையால் வாய்கள் அடைபட்ட காலத்தில் ஹோல்பைன் எதனையும் எதிர்த்துப் பேசவில்லை. அவர் வீரர் அல்லர். குற்றமற்ற கணவரும் அல்லர். ஆயினும் தம் தொழிலில் அவர் பொய் கலக்கவில்லை. அத்தொழிலின் உண்மையே, வென்றவரையும் தோற்றவரையும் ஒருங்கே நம்முன் நிறுத்துகின்றது. எழுதுகோலைக் கையிற் பிடிக்கும் எவரும், அவர் ஓவியராயினும் வரலாறெழுதுவோராயினும் மாணவராயினும், ஹோல்பைனிடம் கற்றுக்கொள்ளத்தக்கது இதுவே.