ரயிலில் பாடிய சிறுமி

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908-ல் பிறந்தார் சுந்தராம்பாள். வீட்டில் வறுமை. வயிற்றுப் பிழைப்புக்காக ரயிலில் பாடினார். அந்தக் குரலே அவரை நாடக மேடையில் ஏற்றியது.

ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் அவர் பாட்டு கணீரென்று கேட்டது. ஆண் வேடம், பெண் வேடம் இரண்டிலும் ஜொலித்தார்.

உடன் நடித்த எஸ்.ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933-ல் கிட்டப்பா காலமானார். அப்போது அம்மையாருக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். கடைசிவரை மாறவில்லை.

குரல் மட்டும் ஓயவில்லை. 1935-ல் படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய்! 1953-ல் அவ்வையார் ஆனார். 1958-ல் மேல்சபை உறுப்பினரானார்.

1980-ல் அம்மையார் மறைந்தார். ரயிலில் பாடிய அந்தக் குரல், கோவில் திருவிழாக்களில் இன்றும் ஒலிக்கிறது.