ஜான் டியர் என்னும் கொல்லர் வரலாறு

உலகிற் கைத்தொழில்கள் பலவாயினும், உழவுக்கு உற்ற துணையாய் நிற்பது கொல்லுத்தொழிலேயாம். மேழி பிடிப்பவன் உழவனாயினும், அதற்குக் கொழு அடித்துத் தருபவன் கொல்லனன்றோ? வீட்டையடுத்து ஓர் உலையும், ஒரு துருத்தியும், ஒரு பட்டடையும் வைத்துத் தொழில் நடத்தும் நம்மனோர், இச் சிறு முதலைக் கொண்டு யாது செய்யக்கூடும் என்று ஒரோவழி மனந்தளர்தல் உண்டு. அன்னார்பொருட்டு, அத்தகைய சிற்றுலையொன்றினின்று மேம்பட்ட ஜான் டியர் என்னும் அமெரிக்கக் கொல்லரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைகின்றாம்.

இவர் 1804-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், வெர்மாண்டு மாகாணத்து ரட்லண்டு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் தையற்காரர். 1808-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அவர் மீண்டு வந்திலர். அன்னையாரே தையல் வேலை செய்து மக்களைக் காத்தார். வறுமையில் வளர்ந்த டியர், 1821-இல், தமது 17-ஆம் வயதில், மிடில்பரியிலிருந்த கொல்லர் ஒருவரிடம் நான்கு ஆண்டுகள் தொழில் பயிலச் சேர்ந்தார். பயிற்சி முடித்தபின் அவர் செய்த வைக்கோல் வாரும் கவைகளும் மண்வெட்டிகளும் நல்ல மெருகுடையனவாதலின், உழவர் அவற்றை விரும்பி வாங்கினர்.

பின்னர்த் தமக்கென ஓர் உலைக்களம் எடுத்தார்; அது தீப்பற்றி அழிந்தது. மீண்டும் எடுத்தார், அதனையும் தீ உண்டது. கடன் பெருகிற்று, கொடுத்தவர் நெருக்கினர். நெருப்பை ஏவல்கொண்டு பிழைப்பவர்க்கு நெருப்பே பகையாதலும் உண்டு என்பதை இல்லத்தில் உலை வைத்திருப்போர் மறத்தலாகாது. கூரையின் ஓலைக்கும் உலைப்பொறிக்கும் இடைவெளி வேண்டும். நீர்த்தொட்டி கைக்கெட்டும் இடத்தே வேண்டும். இரவில் கதவடைக்குமுன் தணல் அவிந்ததா என்று நோக்குதலும் வேண்டும்.

1836-இல் டியர், கருவுற்றிருந்த மனைவியையும் மக்களையும் ஊரில் விட்டு, சில கருவிகளோடும் சிறு பொருளோடும் மேற்றிசை நோக்கித் தனியே சென்றார். மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் சார்லஸ் என்னும் மகன் பிறந்தபோது தந்தை உடனில்லை. குடும்பத்தார் அவரை அடைந்தது 1838-இல் தான். இல்லினாய் மாகாணத்தில் ராக் ஆற்றங்கரையிலுள்ள கிராண்டு டீட்டூர் என்னும் சிற்றூரே அவர் சென்று சேர்ந்த இடம். கொல்லர் அரியராயிருந்த அவ்வூரில், வந்த சில நாட்களுக்குள் உலையமைத்துச் சங்கிலி, இலாடம், கலப்பை முதலியவற்றைச் செப்பனிடத் தொடங்கினார்.

ஆண்டுள்ள உழவர்க்குப் பெருங்குறை ஒன்று இருந்தது. அந்நாட்டுக் கரிய நிலம் மிக்க வளமுடையது. ஆயின் பசைபோல் ஒட்டுந் தன்மையது. கீழ்நாட்டு மணற்பாங்கான நிலத்துக்கு ஏற்ற வார்ப்பிரும்புக் கலப்பையில் அம்மண் அப்பிக்கொள்ளும். உழவர் சில அடி தூரத்துக்கொருமுறை ஏரை நிறுத்தி, மண்ணைச் சுரண்டித் தள்ளவேண்டியிருந்தது. ஊரைவிட்டே போய்விடலாமோ என்று கருதினாரும் உளர்.

டியர் இதனை ஆராய்ந்தார். மெருகிட்ட கவையில் எதுவும் ஒட்டாமையை அவர் முன்னரே அறிந்தவர். 1837-இல், மரமறுக்கும் ஆலையில் உடைந்து கிடந்த வாளொன்றின் எஃகை எடுத்துக் காய்ச்சி, அடித்து, ஏற்ற வளைவு கொடுத்து, மெருகிட்டுக் கலப்பையொன்று செய்தார். வழவழப்பான அவ்வெஃகில் மண் தங்காது வழுக்கிப் புரண்டது. உழ உழ மண்ணின் உராய்வே அதற்கு மேலும் மெருகூட்டிற்று. இவருக்கு முன்னரே, 1833-இல், அதே மாகாணத்தில் ஜான் லேன் என்னும் கொல்லர் எஃகுக் கலப்பை செய்துள்ளார். ஆதலின் டியரது பெருமை, முதலிற் கண்டமையில் இல்லை. கண்டதை விடாது திருத்தி, கேட்பவர் வருமுன்னரே செய்துவைத்து, ஊர்தோறும் கொண்டுசென்று விற்றமையில் உளது என்க.

1839-இல் பத்தாயிருந்த கலப்பைகள் 1842-இல் நூறாயின. வாள்துண்டு எத்துணை நாளைக்குப் போதும்? 1843-இல் லெனார்டு ஆண்ட்ரஸ் என்பாரோடு கூட்டாகத் தொழில் நடத்தியபோது, இங்கிலாந்திலிருந்து எஃகுத் தகடு வருவித்தார். 1848-இல், நீர்விசையும் படகுப் போக்குவரத்தும் வாய்ந்த மிசிசிப்பி ஆற்றங்கரை ஊராகிய மொலினுக்குப் பட்டறையை மாற்றினார். 1868-இல் அது பதிவுபெற்ற கம்பெனியாயிற்று. 1886-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், தமது 82-ஆம் வயதில், மொலினில் அவர் உயிர்நீத்தார். அவர் 1838-இல் செய்த கலப்பையொன்று வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையில் உள்ளது. கிராண்டு டீட்டூரில் அவரது பட்டறை நின்ற இடத்தை 1962-இல் அகழ்ந்து கண்டனர்.

அன்பர்களே, டியரிடம் தொடக்கத்தில் இருந்தவை நம் இல்லங்களில் இல்லாதன அல்ல. பழைய வாள், தேய்ந்த அரம், முறிந்த வண்டி வில் ஆகியவற்றைக் குப்பையில் எறியற்க; அவை நல்ல எஃகு. உழவர் கொண்டுவரும் கருவியைச் செப்பனிட்டுக் கூலி பெறுவதோடு அமையாது, அது எங்கே தேய்ந்தது, ஏன் முறிந்தது என்று வினவியறிக. ஈட்டியதில் ஒரு பகுதியை நல்ல குறட்டிற்கும் நல்ல துருத்திக்கும் செலவிடுக. துருத்தி ஊதும் சிறுவரையும் பள்ளிக்கு அனுப்புக. இவ்வாறு செய்வார் தொழில் ஆண்டுதோறும் வளரும் என்பது எம் துணிபு.