சொந்த மெஷின் இல்லாமலே ரோலெக்ஸை வளர்த்தவர்! யார் இந்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப்?

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாக் கடையில் ஒரு வாட்ச் வாங்குறீங்கன்னு வைங்க. முகப்பில் ஒரு பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும். பின்மூடியைத் திறந்தால் உள்ளே வேறு யாரோ செய்த மெஷின் ஓடும். டூப்ளிகேட்தானே என்று சிரிச்சிட்டு விட்டுடுவோம். ஆனால் லட்சக்கணக்கில் விலைபோகும் அசல் ரோலெக்ஸ் வாட்ச்சுக்குள்ளும் பல ஆண்டுகள் வெளியிலிருந்து வாங்கிய மெஷின்தான் ஓடியது. அந்த ரோலெக்ஸை உருவாக்கியவர்தான் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப். இவர் வாட்ச் செய்யும் தொழிலாளியே கிடையாது.

சாவி கொடுப்பதுதான் முதல் வேலை

1881-ல் ஜெர்மனியின் குல்ம்பாக் ஊரில் பிறந்தார். 12 வயதில் தாய், தந்தை இருவரையும் இழந்தார். மாமாக்கள் குடும்பத்தின் இரும்புக்கடையை விற்றுவிட்டு, சிறுவனை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே கற்ற ஆங்கிலம் பின்னால் சோறு போட்டது.

1900-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு வாட்ச் ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்தார். ஆங்கிலத்தில் கடிதம் எழுதணும். கூடவே, தினமும் நூற்றுக்கணக்கான பாக்கெட் வாட்ச்களுக்குச் சாவி கொடுத்து, நேரம் சரியா ஓடுதான்னு பார்க்கணும். எந்த மெஷின் நம்பகமானது என்பதை அவர் கற்றது இங்கேதான்.

பெயர் ஒருவருடையது, மெஷின் இன்னொருவருடையது

1905-ல் சகோதரியின் கணவர் ஆல்ஃபிரட் டேவிஸுடன் சேர்ந்து லண்டனில் கம்பெனி தொடங்கினார். அப்போது கைக்கடிகாரம் என்றால் பெண்கள் அணியும் நகை மாதிரிதான் பார்த்தார்கள். வில்ஸ்டார்ஃப் துணிந்து, சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் இருந்த ஏக்லர் தொழிற்சாலைக்குச் சின்ன மெஷின்களுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்தார். 1908-ல் ரோலெக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தார்.

மெஷின் ஏக்லருடையது. அதற்குப் பொறுப்பு ஏற்றது வில்ஸ்டார்ஃப். 1914-ல் ரோலெக்ஸ் கைக்கடிகாரத்தை லண்டன் கியூ ஆய்வகத்துக்கு அனுப்பினார். குளிர், வெப்பம், படுத்த நிலை, நின்ற நிலை என 45 நாள் சோதனை. பெரும்பாலும் கப்பல் கடிகாரங்களுக்குக் கிடைத்துவந்த ஏ கிரேடு சான்றிதழ் ஒரு கைக்கடிகாரத்துக்குக் கிடைத்தது.

போர்க்கால இறக்குமதி வரி கழுத்தை நெரித்ததால், 1919-ல் ஜெனீவாவுக்கு இடம் மாறினார். 1926-ல் தண்ணீர் புகாத ஆய்ஸ்டர் வாட்ச் வந்தது. அடுத்த ஆண்டு நீச்சல் வீராங்கனை மெர்சிடிஸ் கிளைட்ஸ் அதை அணிந்து இங்கிலீஷ் கால்வாயில் பத்து மணி நேரத்துக்கும் மேல் நீந்தினார். அதை நாளிதழின் முதல் பக்கம் முழுக்க விளம்பரமாகப் போட்டார் வில்ஸ்டார்ஃப்.

குரோனோகிராஃபில் என்ன சிக்கல்?

நேரம் காட்டுவதோடு ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த வாட்ச்தான் குரோனோகிராஃப். பட்டனை அழுத்தினால் ஓடணும், நிக்கணும், முள் பூஜ்யத்துக்குத் திரும்பணும். இதற்கான கூடுதல் சக்கரங்களையும் நெம்புகோல்களையும் வடிவமைக்க செலவு அதிகம், விற்பனை குறைவு. அதனால் வால்ஜூ போன்ற சிறப்பு நிறுவனங்களிடமே பல கம்பெனிகள் வாங்கின. வில்ஸ்டார்ஃப் காலத்து ரோலெக்ஸும் விதிவிலக்கல்ல.

1960-ல் அவர் இறந்தார். 1963-ல் வந்த புகழ்பெற்ற டேடோனாவிலும் வால்ஜூ 72 மெஷின்தான். அதே அடிப்படை மெஷின் போட்டி நிறுவனமான ஹூவரின் கரேரா வாட்ச்சிலும் ஓடியது! 1988-ல் ஜெனித் நிறுவனத்தின் எல் பிரைமரோ மெஷினை வாங்கி, நிறைய மாற்றங்கள் செய்து பொருத்தினார்கள்.

இதில்தான் ஆபத்தும் இருந்தது. 1975-ல் ஜெனித் முதலாளிகள் அந்த மெஷின் தயாரிப்பையே நிறுத்தச் சொன்னார்கள். சார்லஸ் வெர்மோ என்ற ஊழியர் கருவிகளையும் வரைபடங்களையும் ரகசியமாக ஒளித்து வைத்ததால்தான் அது பின்னாளில் உயிர்பெற்றது. அடுத்தவர் மெஷினை நம்பினால், அடுத்தவர் முடிவையும் நம்பித்தான் ஆகணும்.

2000-ல் ரோலெக்ஸ் சொந்தமாக 4130 மெஷினைக் கொண்டுவந்தது. 2004-ல் பீல் நகரத் தொழிற்சாலையையே வாங்கிவிட்டது.

சொந்த மெஷின்னா உசத்தியா?

அப்படிச் சொல்லிட முடியாது. சொந்த மெஷின் என்றால் தரமும் வரத்தும் கம்பெனியின் கையில் இருக்கும். ஆனால் உதிரிபாகம், சர்வீஸ் எல்லாத்துக்கும் அந்தக் கம்பெனியிடமே போகணும். பலரும் பயன்படுத்தும் பொது மெஷின் என்றால் அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் பிரித்துச் சேர்த்துவிடுவார்.

2017-ல் ஹாலிவுட் நடிகர் பால் நியூமனின் டேடோனா சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதற்குள் இருந்ததும் வால்ஜூவை அடிப்படையாகக் கொண்ட மெஷின்தான்!

வில்ஸ்டார்ஃபுக்குக் குழந்தைகள் இல்லை. மனைவி இறந்த பிறகு 1945-ல் அறக்கட்டளை அமைத்து, கம்பெனியை அதற்கே விட்டுச் சென்றார். இன்றும் ரோலெக்ஸ் அந்த அறக்கட்டளையிடம்தான் இருக்கிறது. அடுத்த முறை விலை உயர்ந்த வாட்ச் வாங்கும்போது, மெஷினை யார் செய்தது என்று மட்டும் கேட்காதீங்க. அதை யார் சோதித்தது, பழுதானால் யார் பொறுப்பு என்றும் சேர்த்துக் கேளுங்க.