ரயில்வே வேலையை விட்டுட்டு புரொஜெக்டர் வாங்கிய இளைஞர்: யார் இந்த சாமிக்கண்ணு வின்சென்ட்?

கோவையில் வெரைட்டி ஹால் ரோடு தெரியாதவங்க குறைவு. ஆனா அந்தப் பெயர் எப்படி வந்தது? அதுக்குப் பதில் கோவையில் இல்லை, திருச்சியில் தொடங்குது.

1905. சாமிக்கண்ணு வின்சென்ட்டுக்கு வயது 22. கோவையில் பிறந்தவர், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளர். திருச்சி ரயில்வே என்றதும் பொன்மலை பணிமனை ஞாபகம் வரும். ஆனா அது வந்தது 1928-ல்தான். இவர் காலத்தில் கிடையாது. மாதச் சம்பளம் 25 ரூபாய். அந்தக் காலத்தில் ரயில்வே உத்தியோகம் என்றால் இன்றைய ஐ.டி வேலை மாதிரி, வீட்டில் நிம்மதியா இருப்பாங்க.

அந்த நேரத்தில்தான் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் புரொஜெக்டரும் சில படச்சுருள்களுமா ஊர் ஊரா காட்சி நடத்திக்கொண்டு திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போச்சு. எல்லாத்தையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப முடிவு செய்தார். விலை 2,000 ரூபாய் அளவில். 25 ரூபாய் சம்பளக்காரருக்கு இது எவ்ளோ பெரிய தொகை? ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் 80 மாதம் ஆகும், கிட்டத்தட்ட ஏழு வருஷம். எப்படியோ பணத்தைத் திரட்டி வாங்கினார். வேலையையும் விட்டார்.

அவர் வாங்கியது என்ன?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கணும். அசையும் படம் என்பதே அப்போது ஒரு கண்கட்டு வித்தை. உண்மையில் திரையில் எதுவும் அசையறது இல்லை. ஒன்றுக்கொன்று கொஞ்சமே மாறுபடும் படங்களை, நொடிக்கு சுமார் 16 என்ற வேகத்தில் கைப்பிடியைச் சுற்றி ஓட்டினால் மூளை அதை அசைவு என்று எடுத்துக்கொள்ளும். இன்று மொபைலில் ஓடும் அனிமேஷனுக்கும் இதே கணக்குதான். பாரிஸில் எமில் ரேனோ கையால் வரைந்த படங்களை ஓடவைத்து 1892-லேயே காட்சி நடத்தினார். லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கி சினிமா காட்டியது அதுக்குப் பிறகு, 1895 டிசம்பரில். அதாவது, வரைந்த படம்தான் முதலில் ஓடியது!

நம்ம ஊர்க்காரங்களுக்கும் திரை புதுசு இல்லை. வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கை வைத்து, வண்ணம் தீட்டிய தோல் பொம்மைகளை ஆட்டும் தோல்பாவைக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவங்கதான். பொம்மையை ஆட்ட ஆளே இல்லாமல் உருவம் தானா நடப்பதுதான் புதுசு.

சாமிக்கண்ணுவிடம் இருந்த முக்கியமான படம் இயேசுவின் வாழ்க்கை. திருச்சியில் காட்டினார். பிறகு ஊர் ஊரா கிளம்பினார். புரொஜெக்டர், திரை, படச்சுருள் எல்லாம் கூடவே ரயிலில் போகும். கொட்டகை போட்டு, காட்சி நடத்தி, பிரித்துக்கொண்டு அடுத்த ஊர். இப்படியே வடக்கே லாகூர், பெஷாவர் வரை போனார். ரங்கூன், சிங்கப்பூர் வரைக்கும்கூட. ஸ்ரீரங்கம் கோயில் திருவிழாவுக்கு ரயிலேறி வந்த கூட்டத்தைப் பார்த்த ஊர்க்காரருக்கு, தண்டவாளம் போகும் இடமெல்லாம் கூட்டம் இருக்கும் என்பது புரிந்திருக்கும் போல.

1909-ல் சென்னை திரும்பி எஸ்பிளனேடில் கொட்டகை போட்டார். பிரான்ஸின் பதே கம்பெனிக்கு ஏஜென்ட் ஆகி, புரொஜெக்டர்களை மற்றவங்களுக்கும் விற்றார். இதுதான் முக்கியமான திருப்பம். ஒருத்தர் சுமந்து திரிந்த தொழில் பலர் கைக்குப் போக ஆரம்பித்தது. பதே படங்களில் சிலவற்றில் ஒவ்வொரு பிரேமுக்கும் அச்சுத்தகடு வெட்டி வண்ணம் பூசுவார்கள். வரைவாளரா இருந்தவருக்கு அந்த உழைப்பின் மதிப்பு தெரியாமலா இருந்திருக்கும்?

இதே காலத்தில்தான் பம்பாயில் தாதாசாகேப் பால்கே ஓர் இயேசு படத்தைப் பார்த்து சினிமா ஆசைப்பட்டார். 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தார், அடுத்து 1915-ல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி ஒரு குறும்படமே செய்தார். இந்திய அனிமேஷனின் தொடக்கப் புள்ளிகளில் அது ஒன்று. சாமிக்கண்ணு அந்தப் பக்கம் போகவில்லை. அவர் ஆர்வம் படம் எடுப்பதைவிடக் காட்டுவதில்.

தென்னிந்தியாவின் முதல் தியேட்டரா?

1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் தியேட்டர் என்று ஷேர் ஆகும் பதிவுகளை அப்படியே நம்ப வேண்டாம். சென்னை மவுண்ட் ரோட்டில் எலக்ட்ரிக் தியேட்டர் 1913-லேயே வந்துவிட்டது. அந்தக் கட்டடம் இன்று அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் இருக்கு. ஆனா கோவைக்கு வெரைட்டி ஹால்தான் முதல். தியேட்டருக்காக சொந்தமா மின்சாரம் தயாரித்தார். பின்னர் அரிசி ஆலை, அச்சகம் என்று தொழில் விரிந்தது.

பேசும் படம் வந்த பிறகு தயாரிப்பிலும் கைவைத்தார். கல்கத்தா பயனியர் பிலிம் கம்பெனியோடு சேர்ந்து 1933-ல் 'வள்ளி திருமணம்'. டி.பி.ராஜலட்சுமி வள்ளி. படம் நன்றாக ஓடியது.

1942 ஏப்ரலில், 59 வயதில் காலமானார். வெரைட்டி ஹால் பிற்காலத்தில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறியது. ரோட்டுக்கு மட்டும் பழைய பெயரே நின்றுவிட்டது.