தமிழை அச்சேற்றிய அண்டிரிக்கி அடிகளார்



உங்கள் வீட்டிலுள்ள செபப் புத்தகத்தை எடுத்துச் சற்றே விரித்துப் பாருங்கள். நாம் அரிச்சுவடியில் கற்ற அதே எழுத்தில் செபங்கள் அச்சாகியிருக்கின்றன. அதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆயினும், இந்திய மொழிகள் யாவற்றுள்ளும் முதன்முதலாகத் தன் சொந்த எழுத்தில் அச்சேறியது எங்கள் தமிழே என்பதும், அவ்வாறு அச்சேறிய முதற் புத்தகம் ஒரு சிறிய ஞானோபதேசப் புத்தகமே என்பதும் எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆண்டு 1578, இடம் கொல்லம். அப்புத்தகத்தைத் தமிழில் ஆக்கித் தந்தவர், அக்கால மக்கள் அண்டிரிக்கிப் பாதிரியார் என்று அழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்னும் இயேசு சபைக் குரு. இவ்வாரம் அவருடைய வாழ்வைச் சிறிது அறிந்துகொள்வோம்.

பிறப்பால் ஒதுக்கப்பட்டவர்

ஹென்றிக்கஸ் 1520ஆம் ஆண்டளவில் போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரிலே பிறந்தார். அவருடைய குடும்பம் யூத மரபிலிருந்து திருமறைக்கு வந்தது. இத்தகைய குடும்பங்களைப் புதுக் கிறிஸ்தவர்கள் என்று அந்நாட்டார் பிரித்துப் பேசினர். ஞானஸ்நானம் பெற்றுத் தலைமுறை கடந்தாலும் அவர்கள்மேல் சந்தேகக் கண் விழுந்துகொண்டே இருந்தது. 1536இல் போர்த்துக்கலில் விசாரணை மன்றம் நிறுவப்பட்டபோது அச்சந்தேகம் அச்சமாகவும் மாறியது. அப்போது ஹென்றிக்கஸ் பதினாறு வயதுப் பையன்.

துறவற வாழ்வை விரும்பிப் பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்தார். ஆனால் அவருடைய மரபு தெரியவந்ததும் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. மனம் உடைந்து வீடு திரும்பியிருக்கலாம். அவரோ கொயிம்பிராப் பல்கலைக்கழகத்திலே திருச்சபைச் சட்டம் பயின்று, 1545இல் இயேசு சபையை நாடினார். அர்ச். இஞ்ஞாசியார் உயிரோடிருந்த அக்காலத்தில் அச்சபை பிறப்பை வைத்து ஆளை அளக்கவில்லை, அவரை ஏற்றுக்கொண்டது. அதே சபை 1593இல் யூத மரபினருக்குக் கதவை அடைத்தது என்பதையும், அத்தடை 1946 வரை நீடித்தது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அடைபடுமுன் அந்தக் கதவு வழியே நுழைந்த ஒருவர் தமிழுக்குச் செய்த தொண்டை எண்ணும்போது, பிறப்புப் பார்த்து மனிதரை ஒதுக்குவதால் எவ்வளவு நட்டம் என்பது எமக்கு விளங்கும். சாதி பார்க்கும் எம்மவர்க்கும் இதிலே பாடம் உண்டு.

1546இல் கப்பலேறிக் கோவா வந்தார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். கன்னியாகுமரி தொடங்கி இராமேஸ்வரம் வரை நீளும் அந்தக் கரையோரத்திலே 1530களில் பரதகுல மக்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். கொழும்பிலே கொட்டாஞ்சேனை முதலான இடங்களில் வாழ்ந்துவரும் பரதர் குடும்பங்களின் பூர்வீகமும் அந்தக் கரைதான். ஆகவே இது எமக்கு அந்நியமான கதையன்று.

ஒரு சொல்லின் தவறு

ஞானஸ்நானம் விரைவில் நடந்துவிட்டது, போதனைதான் பின்தங்கியது. குருக்களுக்குத் தமிழ் தெரியாது. மக்களுக்குப் போர்த்துக்கேயம் தெரியாது. 1542இல் இக்கரைக்கு வந்த அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார், இரு மொழியும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழாக்குவித்து, தாமும் மனனம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். ஆனால் அந்த மொழிபெயர்ப்பிலே பிழைகள் இருந்தன. விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்திலே எனக்கு வேண்டும் என்ற பொருள் தரும் சொல் புகுந்துவிட்டது! சவேரியாரே அதை உணர்ந்து 1544இல் தம் உடனுழைப்பாளருக்கு எழுதிய கடிதத்திலே திருத்தச் சொன்னார். பிதாவும் சுதனும் எனக்கு வேண்டும் என்று ஒரு கரை முழுவதும் பக்தியோடு சொல்லிக்கொண்டிருந்த நிலைமையைச் சிந்தித்துப் பாருங்கள். அவர்கள் பக்தியிலே குறைவில்லை, சொல்லிலே குறைவிருந்தது.

இக்குறையைத் தீர்க்கவேண்டுமானால் துபாசியை நம்பியிருக்க முடியாது, மொழியையே முறையாகக் கற்கவேண்டும் என்று ஹென்றிக்கஸ் உறுதிகொண்டார். கற்பதற்கு ஒரு கைந்நூலும் இருக்கவில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் செய்யுள் தமிழுக்கு இலக்கணம் வகுத்த நூல்கள். கடற்கரையில் வலை இழுப்பவன் பேசும் தமிழைத் தொடக்கத்திலிருந்து கற்பிக்கும் நூல்கள் அல்ல. எனவே தாம் கற்ற இலத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக வைத்து, பெயர் எவ்வாறு வேற்றுமை ஏற்கிறது, வினை எவ்வாறு காலம் காட்டுகிறது என்று மக்கள் வாயிலிருந்தே கேட்டு ஒழுங்குபடுத்தினார். அப்படி அவர் எழுதிய இலக்கணம் ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதியவற்றுள் இன்று எமக்குத் தெரிந்த ஆகப் பழையது. அவர் காலத்திலே அது அச்சாகவில்லை. கையெழுத்துப் பிரதி இலிஸ்பன் தேசிய நூலகத்திற் பேணப்பட்டு, 2013இலே ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. பதினாறாம் நூற்றாண்டின் பேச்சுத் தமிழ் எப்படி இருந்தது என்று ஆராய்பவர்களுக்கு அது ஒரு கருவூலம்.

1549இல் கரையோரப் பணிக்குத் தலைவராயிருந்த அந்தோனியோ கிரிமினாலி அடிகளார் வேதாளையிலே கொல்லப்பட்டார். அவருடைய இடத்திற்கு ஹென்றிக்கஸ் தெரிவானார். அதன்பின் அவர் ஓய்ந்திருந்த நாள் இல்லை. புன்னைக்காயலில் ஏழைகளுக்கு மருத்துவமனை அமைத்தார். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியதும் கரையோர மக்களிற் பலர் அங்கே குடிபெயர்ந்தபோது அவரும் உடன் சென்று, சில காலம் மன்னாரிலே பணியாற்றினார். 1544இலே வேதசாட்சிகளின் இரத்தம் சிந்தப்பட்ட அதே மண்ணில் தமிழை அச்சேற்றிய இக்குருவின் காலடியும் பதிந்திருக்கின்றது.

அந்நிய எழுத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம்

இதற்கிடையே அச்சுக்கலை உலகை மாற்றிக்கொண்டிருந்தது. ஜேர்மனியிலே குட்டன்பேர்க் என்பவர் ஏறக்குறைய 1455இல் வேதாகமத்தை அச்சிட்டு முடித்தார். அவர் கண்ட உத்தி எளிமையானது. எழுத்துக்களைத் தனித்தனி உலோகத் துண்டுகளாக வார்த்து, சொற்களாகக் கோத்து, மை பூசி அழுத்துவது. பின்னர் அவற்றைக் கலைத்து அடுத்த பக்கத்திற்கு மீண்டும் கோப்பது. ஓலையில் ஒரு பிரதி எழுத எடுக்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கான பிரதிகள் பிறந்தன; ஒவ்வொரு பிரதியிலும் சொல் மாறாமல் இருந்தது.

1554இல் இலிஸ்பன் நகரில் ஒரு தமிழ்ச் செபப் புத்தகம் அச்சானது. அங்கு சென்றிருந்த தமிழர் மூவர் அதை ஆக்க உதவினர். ஆனால் தமிழ் எழுத்து அங்கே இல்லை; சொற்கள் தமிழ், எழுத்து உரோமன். எம் மொழியில் முதன்முதல் அச்சேறிய நூல் அதுவே. எனினும் அதை யார் வாசிக்கமுடியும்? தமிழ் கற்க விரும்பிய போர்த்துக்கேயன் வாசிக்கலாம். புன்னைக்காயலிலோ மன்னாரிலோ ஓலைச்சுவடி படித்த உபதேசியாரின் கையிலே கொடுத்தால் அவருக்கு அது வெறும் கோலம்.

1556இல் அபிசீனியா நாட்டுக்கெனப் புறப்பட்ட அச்சியந்திரம் ஒன்று கோவாவுக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டது. இந்தியாவின் முதல் அச்சியந்திரம் அது. யந்திரம் வந்துவிட்டது, தமிழ் எழுத்து வரவேண்டுமே!

கொல்லத்தில் வார்த்த எழுத்து

தமிழ் எழுத்தை வார்ப்பது இலகுவான காரியமன்று. இலத்தீனுக்கு இருபத்து நான்கு எழுத்தளவில் பெரியதும் சிறியதுமாக வார்த்தாற் போதும். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. கொ என்பதைக் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகக் கோக்கலாம். ஆனால் கி, கீ, கு, கூ போன்றவை உடலோடு ஒட்டியவை. அந்த நான்கு வரிசைகளுக்கு மட்டுமே 72 வடிவங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் முதலில் உருக்குக் கோலின் நுனியிலே தலைகீழாகச் செதுக்கி, அதைச் செம்பிலே அடித்துக் குழியாக்கி, அந்தக் குழியில் உருகிய ஈயக் கலவையை ஊற்றி வார்ப்பதே அக்கால ஐரோப்பிய முறை. செதுக்கும் கையோ தமிழ் அறியாத கை. எது பிழை, எது சரி என்று பக்கத்திலிருந்து சொல்லத் தமிழ் அறிந்தவர் வேண்டும்.

1577இல் கோவாவிலே இயேசு சபையைச் சேர்ந்த யோவான் கொன்சால்வெஸ் முதல் தமிழ் எழுத்துக்களை வார்த்தார். மறு ஆண்டு கொல்லத்தில் யோவான் தெ பாரியா அடிகளார் வேறொரு தொகுதியை வார்த்தார். 1578 ஒக்டோபர் 20ஆம் திகதி தம்பிரான் வணக்கம் என்னும் பதினாறு பக்க நூல் அவ்வெழுத்தால் அச்சாகி வெளிவந்தது. ஹென்றிக்கசும் மானுவேல் தெ சான் பேத்ரோ என்ற குருவும் அதைத் தமிழாக்கியிருந்தனர். அதன் கடைசிப் பக்கத்திலே கோவாவில் செய்த எழுத்தும் கொல்லத்தில் செய்த எழுத்தும் இரண்டும் வரிசையாகக் காட்டப்பட்டிருக்கின்றன. கைவினைஞன் தன் வேலையைப் பெருமையோடு காட்டுவதுபோல இருக்கிறது அந்தப் பக்கம்.

அந்நூலை இன்று வாசிக்கப் புகுந்தால் நீங்கள் சற்றுத் தடுமாறுவீர்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி நிற்கும். ஓலையிலே புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவது வழக்கம். அச்செழுத்தும் அந்த ஓலை எழுத்தையே பின்பற்றியது. புதுமையான யந்திரத்திலிருந்து வந்தாலும், மக்களின் கண்ணுக்குப் பழகிய எழுத்தாகவே அது வந்தது.

இதற்கான பணம் எங்கிருந்து வந்தது? முத்துக்குளித்துறை மக்களே மனமுவந்து கொடுத்தனர். கடலின் ஆழத்தில் மூச்சடக்கி முத்தெடுத்தவர்கள், வலை வீசிப் பிழைத்தவர்கள் தங்கள் உழைப்பின் பங்கைத் தங்கள் மொழியில் ஒரு புத்தகம் வருவதற்காக ஈந்தார்கள். அரசனின் கொடையால் எழுந்த நூல்கள் உலகில் ஏராளம். மீனவரின் காசால் எழுந்தது தமிழின் இந்த முதல் அச்சுநூல்.

1579இல் கொச்சியிலே கிரீசித்தியானி வணக்கம் என்ற வினாவிடை நூலும், 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கு உதவும் நூலும் வெளிவந்தன. 1586இல் அறுநூறுக்கு மேற்பட்ட பக்கங்களிலே அடியார் வரலாறு அச்சானது. அர்ச்சியசிட்டவர்களின் சரித்திரத்தைத் திருநாள் ஒழுங்கில் கூறும் அந்நூலை முடித்தபோது ஹென்றிக்கசுக்கு அறுபத்தாறு வயதளவில் இருக்கும்.

1600ஆம் ஆண்டு புன்னைக்காயலிலே அவர் இறைவனடி சேர்ந்தார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. வந்த நாள்முதல் ஐம்பத்து மூன்று ஆண்டுகளை அவர் தமிழ் மக்களிடையே கழித்தார்.

மறந்ததும் மீண்டதும்

அவருக்குப்பின் தமிழ் அச்சு மெல்ல மெல்ல அயர்ந்தது. 1679இல் அம்பலக்காட்டிலே ஓர் அகராதி அச்சானது. 1713இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் அச்சுக்கூடத்தைத் தொடங்கி, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். எங்கள் கொழும்பிலே ஒல்லாந்தர் அச்சுக்கூடம் அமைத்து முதற் சிங்கள நூலை வெளியிட்டது 1737இல். அதாவது கொல்லத்து நூலுக்கு 159 ஆண்டுகள் பிந்தி. ஒல்லாந்தர் கையில் அச்சு இருந்த அக்காலத்தில், அடக்குமுறைக்குள் வாழ்ந்த இலங்கைக் கத்தோலிக்கருக்கு யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கிய நூல்கள் ஓலையிலேயே பரவின. அச்சு யார் கையிலே இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஹென்றிக்கசின் நூல்களோ ஐரோப்பிய, அமெரிக்க நூலகங்களின் அலுமாரிகளில் உறங்கின. 1950களில் அவற்றைப் பற்றி ஆராய்ந்து எழுதித் தமிழுலகுக்கு நினைவூட்டியவர்களுள் முதன்மையானவர், கொழும்பு அர்ச். பெர்நார்து குருமடத்திலே பயின்ற எங்கள் தனிநாயகம் அடிகளார். அடியார் வரலாற்றை 1967இல் இராசமாணிக்கம் அடிகளார் மறுபடி பதிப்பித்தார்.

எங்கள் வீடுகளில்

பெற்றோரே, இக்கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆங்கில மொழியில் கல்வி கற்கும் பிள்ளைகள் பலர், வீட்டிலே தமிழ் பேசுகிறார்கள். வாசிக்கச் சொன்னால் திணறுகிறார்கள். செபமாலை சொல்வதற்குக்கூடத் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக் கொள்வோர் உண்டு. கைத்தொலைபேசியிலே அனுப்பும் செய்திகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பிழைப்புக்கு ஆங்கிலம் வேண்டும். அதைக் கற்கவேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் தமிழை அந்நிய எழுத்தில் எழுதும்போது நாம் 1578ஐ விட்டு 1554க்குத் திரும்பிப் போகிறோம். அன்று இலிஸ்பனில் அப்படி அச்சிட்டதற்கு எழுத்து இல்லை என்ற காரணம் இருந்தது. இன்று அக்காரணமும் இல்லை. 1991இலேயே கணினி உலகின் பொது எழுத்துக் குறிமுறையில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது; உங்கள் பிள்ளையின் கைத்தொலைபேசியிலே 247 எழுத்தும் காத்திருக்கின்றன. உருக்குக் கோலிலே செதுக்கவேண்டிய கஷ்டம் எமக்கில்லை.

இன்றிரவு குடும்ப செபத்தின்போது, வீட்டிலுள்ள இளைய பிள்ளையின் கையிலே தமிழ்ச் செபப் புத்தகத்தைக் கொடுத்து, ஒரு பக்கமாவது எழுத்துக்கூட்டி வாசிக்கச் செய்யுங்கள். தவறினால் பொறுமையோடு திருத்துங்கள். யூத மரபில் வந்த ஒரு போர்த்துக்கேயர் எம் பாட்டன் பூட்டன்மாரின் வாயிலிருந்து இம்மொழியை எழுத்தெழுத்தாகக் கற்றார். அவர்களோ கடலிலே உழைத்த காசைக் கொடுத்து அதை அச்சேற்றினர். அந்தப் புத்தகத்தின் வழிவந்த சொத்து இன்று உங்கள் மேசைமேல் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்த பிள்ளையே அதற்கு வாரிசு.