கடல் கடந்து வந்த இளைஞர்

ஒரு பருவம் மட்டும் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சிங்கப்பூர் சென்றேன். பொங்கோலில் அத்தை வீட்டில் தங்கினேன். வரிசை வரிசையாக ஒரே மாதிரி அடுக்குமாடி வீடுகள். முதல் வாரத்தில் இரண்டு முறை வேறு புளோக்கில் ஏறிவிட்டேன். வகுப்பில் பேச ஆளில்லை. எத்தனை வாரம் மீதம் என்று நாள்காட்டியில் கோடு போடத் தொடங்கினேன்.

அத்தை வீட்டுக்குத் தினமும் தமிழ் முரசு வரும். அதைத் தொடங்கியவரும் இந்த ஊருக்கு என் வயதில் தனியாக வந்தவர்தான் என்று அத்தை ஒருநாள் சொன்னார். தமிழ்ப்பள்ளியில் அவர் பெயரைக் கேட்டிருக்கிறேன். இடைநிலைப் பள்ளிக்குப் போனபின் மறந்துவிட்டேன். அன்று மாலையே பொங்கோல் நூலகத்தில் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

தமிழவேள் கோ. சாரங்கபாணி 1903-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். 1924-இல், 21 வயதில், கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தார். அவருக்குக் கிடைத்தது கணக்கு எழுதும் வேலை. சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பலாம் என்ற எண்ணத்தோடுதான் அந்நாளில் பலரும் வந்தார்கள். அவரும் அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் அவர் தம்மைச் சுற்றியிருந்த தமிழர்களைப் பார்த்தார். சாதி வேற்றுமையும் மதுவும் மூடப்பழக்கமும் கடல் தாண்டி அவர்களோடு வந்திருந்தன. 1929-இல் முன்னேற்றம் இதழில் எழுத்துப் பணியை மேற்கொண்டார். 1932-இல் உருவான தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். 1935 ஜூலை 6-ஆம் நாள் தமிழ் முரசு பிறந்தது. அன்று அதன் விலை ஒரு காசு! கூலி வேலை செய்பவரும் வாங்கிப் படிக்க வேண்டும் அல்லவா? சாதியைப் பற்றி எழுதியதோடு நிற்காமல், லிம் பூன் நியோ என்ற சீனப் பெண்மணியை மணந்து வாழ்ந்தும் காட்டினார்.

ஜப்பானியர் ஆட்சியில் இதழ் நின்றது. போருக்குப் பின் மீண்டும் எழுந்தது. 1952-இல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாளைத் தொடக்கி வைத்தார். சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கூடும் விழா அது. இளையோர் எழுதிப் பழக மாணவர் மணிமன்றம் என்ற பகுதியையும் முரசில் தந்தார். 1950-களில், இந்த மண்ணில் வாழ்பவர்கள் குடியுரிமை பெற வேண்டும் என்று ஓயாமல் வலியுறுத்தினார். வந்த ஊரைச் சொந்த ஊராக ஏற்காதவனுக்கு இங்கே உரிமை கிடைக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

என்னை உலுக்கியது இன்னொரு செய்தி. அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, முதலிடம் சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற கேள்வியும் எழுந்தது. தமிழுக்கே என்று சாரங்கபாணி முரசில் போராடினார். எழுதியதோடு விடவில்லை. தமிழ் நூல்கள் வாங்க, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் மக்களிடம் நிதி திரட்டினார். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இருந்த எளிய மக்களும் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர்கள், யாரோ பிள்ளைகள் படிக்கட்டும் என்று கொடுத்த பணம் அது. 1956-இல் தமிழை முதன்மையாகக் கொண்டு துறை தொடங்கியது. பின்னர் அது கோலாலம்பூருக்கு இடம் மாறியது. ஆம், நம் வளாகத்தில் இருக்கும் அதே துறைதான்! மூன்றாண்டுகளாக வணிகவியல் வகுப்புக்குப் போகும் வழியில் அதைக் கடந்து போயிருக்கிறேன். ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அன்று வெட்கமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொங்கோலில் ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். சிராங்கூன் சாலை முழுவதும் நடந்தேன். கடைக்காரர்களிடம் தமிழில் பேசினேன். மறுநாள் வகுப்பில் பக்கத்தில் இருந்தவரிடம் நானே முதலில் பெயர் கேட்டேன். நாள்காட்டியில் கோடு போடுவதை நிறுத்தினேன்.

கோ. சாரங்கபாணி 1974-இல் சிங்கப்பூரிலேயே மறைந்தார். தனியாக வந்து இறங்கிய ஊரில் 50 ஆண்டுகள் வாழ்ந்து, அதை நம்மவர் ஊராகவும் ஆக்கிவிட்டுப் போனார். எனக்குக் கிடைத்தது நான்கு மாதம்தான்.

நாடு திரும்பியதும் முதல் வேலையாக நம் நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்குப் போனேன். பழைய அட்டை போட்ட நூல் ஒன்றை இரவல் எடுத்தேன். நண்பர்களே, நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள். நமக்கு முன்பின் தெரியாதவர்கள் நமக்காகச் சேர்த்து வைத்த சொத்து அங்கே இருக்கிறது.