சீழ்க்கையில் தொடங்கிய பள்ளி

1841 டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாள். இத்தாலியின் துரின் நகரிலே ஒரு கோவிலில் இளங்குருவான தொன் பொஸ்கோ பூசைக்கு ஆயத்தமானார். அங்கே பூசைக்கு உதவத் தெரியாத 16 வயது அநாதைப் பையனொருவனைக் கோவிற் பணியாள் அடித்துத் துரத்தினான். குருவானவர் அவனைத் திரும்ப அழைப்பித்தார். வாசிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று வினவினார். எதுவுமே தெரியாது. சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்றதும் பையன் சிரித்துவிட்டான். பர்த்தலோமேயு கரெல்லி என்ற அவனே முதல் மாணவன்.

இப்பொறுமை அவருக்குப் பிறவிக்குணமன்று. 1815-இல் பிறந்து, இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்த அவர் இயல்பில் முன்கோபி. ஒன்பதாம் வயதில் கண்ட கனவிலேகூட, தூஷணம் பேசிய சிறுவர்மீது கை ஓங்கிப் பாய்ந்தாராம்! அக்கோபத்தை வென்ற பின்னரே முரட்டுப் பிள்ளைகள் அவர் வசமானார்கள். நாம் பிரம்பைத் தேடுமிடத்தில் அவர் செப்படிவித்தை காட்டினார். அங்கியோடு அவர்களுடன் ஓடி விளையாடினார்.

1884-இல் உரோமையிலிருந்தபோது, தமது இல்லத்துக் குருக்கள் விளையாட்டிற் கலவாமல் ஒதுங்கி நின்று கண்காணிப்பதையிட்டு வருந்திக் கடிதம் வரைந்தார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, அந்நேசத்தை அவர்கள் உணரவும் வேண்டும் என்பதே அதன் சாரம். 1888 ஜனவரி 31-இல் காலமானார். அவருடைய சலேசிய சபையார் 1906-இல் தஞ்சாவூருக்கும், 1956-இல் நமது இலங்கைக்கும் வந்து சேர்ந்தார்கள்.